சில்வர் நைட்ரேட்டுக்கு எங்கள் ஊரில் வேலையில்லை

எங்கள் ஊரில் எந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டாலும் பால் பூக்கும். கிணற்றுத் தண்ணீர் பூக்கும், அடிபம்புத் தண்ணீர் பூக்கும், தள்ளுவண்டியில் குடம் கணக்கில் வருகிற தண்ணீரும் பூக்கும். மொட்டை மாடியில் பிடித்த மழைத்தண்ணீர்கூட, கடல்காற்று பலமாக அடித்த நாளில் பிடித்ததென்றால், லேசாகக் கலங்கிக் காட்டும். உச்சிப்புளியில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெற்கே கடலைப் பார்த்து நடந்தால் வருகிற ஊர்களில் ஒன்று எங்களுடையது. இங்கே காற்றே உப்பு. ஜன்னல் கம்பியைத் தடவி விரலை நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும்.

இருபத்தோரு வருஷம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருந்தேன். பாட்டில் கழுவுவது, கரைசல் போடுவது, பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான் வேலை. ஆனால் ஊரில் என்னிடம் 'மருந்து' இருப்பதாகப் பேச்சு. தண்ணீர் ருசி மாறினால் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். 'மருந்து ஊத்திப் பாரு தம்பி' என்பார்கள். பார்த்தே ஆகவேண்டும், தப்பிக்க முடியாது.

பன்னிரண்டாம் வகுப்பில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு இந்த வித்தை நினைவிருக்கும். வெள்ளையாக ஒரு பொடி கொடுப்பார்கள். அதில் இரண்டு அயனிகள், அதாவது மின்னூட்டம் ஏறிய துகள்கள்: ஒரு நேர் அயனி, ஓர் எதிர் அயனி. நீர்த்த நைட்ரிக் அமிலத்தோடு சில்வர் நைட்ரேட் சேர்த்தால் தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு, அது அம்மோனியாவில் கரைந்தால் குளோரைடு. பேரியம் குளோரைடு சேர்த்து வருகிற வெள்ளை, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையாமல் நின்றால் சல்பேட். அம்மோனியம் ஆக்சலேட்டுக்கு வெள்ளை வந்தால் கால்சியம். இருக்கிறது, அல்லது இல்லை. நடுவில் ஒன்றும் கிடையாது. தேர்வுக்கு அது போதும்.

ஒரு வருஷம் செய்முறைத் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பள்ளியில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற கருவியான வாலை கெட்டுப்போனது. காய்ச்சி வடித்த நீர் வேண்டுமே என்று நான் ஒரு கடையில் பேட்டரித் தண்ணீர் என்று விற்பதை நாலு கேன் வாங்கிவந்து வைத்தேன். சோதித்துப் பார்க்கவில்லை. தேர்வில் ஒரு பையனுக்குத் தாமிர சல்பேட். நீலத்தைப் பார்த்ததுமே பாதி விடை தெரிகிற உப்பு. அவன் சல்பேட்டும் எழுதினான், குளோரைடும் எழுதினான். ஆசிரியர் அவனைத் திட்டத் தொடங்கியபோது அவன் என் பக்கம் திரும்பி, "அண்ணே, வெள்ளையா வந்துச்சுண்ணே. பார்த்ததைத்தானே எழுதச் சொன்னீங்க" என்றான். உப்பே போடாமல் வெறும் பேட்டரித் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தேன். பால். குழாய்த் தண்ணீரைக் கேனில் பிடித்து விற்றிருக்கிறார்கள். கடைக்காரரைக் குறை சொல்லலாம், ஆனால் தப்பு என்னுடையது. மாதிரி எதுவும் சேர்க்காமல் வெறும் நீரில் அதே சோதனையை முதலில் செய்து பார்ப்பதற்கு வெற்றுச் சோதனை என்று பெயர். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. வகுப்பறையின் கேள்வி 'இருக்கா, இல்லையா'. இந்தக் கடற்கரையில் அது கேள்வியே இல்லை. இங்கே எல்லாத் தண்ணீரிலும் எல்லாம் இருக்கிறது. சுடர் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். நைக்ரோம் கம்பியை அமிலத்தில் நனைத்து நனைத்துச் சுட்டுச் சுத்தம் செய்வோம். கால்சியத்துக்குச் செங்கல் சிவப்பும் பொட்டாசியத்துக்கு இளம் ஊதாவும் வரவேண்டும். எங்கள் ஆய்வகத்தில் எதைக் காட்டினாலும் முதலில் சோடியத்தின் பொன்மஞ்சள்தான் குபீரென்று வரும். கம்பியைப் பிடித்த விரலின் வேர்வையே போதும் அதற்கு. பொட்டாசியத்தின் ஊதாவைக் காட்ட நீலக் கோபால்ட் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொல்வோம். அது மஞ்சளை விழுங்கிவிட்டு மற்றதை விடும். எங்கள் மாவட்டத்துக்கே ஒரு கோபால்ட் கண்ணாடி போட்டுத்தான் பார்க்கவேண்டும்.

சரி, கிணறுகளுக்கு வருகிறேன்.

நாலு வீடு தள்ளி ஒரு அக்கா. அவர் வீட்டுக் கொல்லையில் இரண்டு உறைகிணறு. ஒன்று வீட்டை ஒட்டி, சகடை போட்டு வாளியில் இறைப்பது. மற்றது நாற்பது எட்டு தள்ளித் தென்னைகளுக்கு நடுவில், மோட்டார் போட்டது. வீட்டுக் கிணறு தித்திக்கும், தோப்புக் கிணறு வாயில் வைக்க விளங்காது. முன்னால் இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தனவாம். அக்காவுக்கு இதில் ஒரு மனக்குறை. ஒரே மண், ஒரே மழை, ஒன்று மட்டும் ஏன் இப்படி?

"தம்பி, கடல் உள்ள வந்துருச்சா, இல்ல இது வேற உப்பா? அத மட்டும் பாத்துச் சொல்லு. வீட்டுக் கெணறு கெடக்கட்டும், அது நல்ல கெணறு."

வேற உப்பா என்று அவர் கேட்டதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எங்கள் பக்கம் பெண்களின் நாக்கு லேசுப்பட்டதல்ல. உப்பு வேறு, சவர்ப்பு வேறு, கடுத்த தண்ணி வேறு என்பார்கள். பருப்பு வேகாவிட்டால் கடுத்த தண்ணி. சோப்பு நுரைக்காமல் துணியில் திரிதிரியாய் ஒட்டினாலும் அதுதான். கால்சியமும் மெக்னீசியமும் செய்கிற வேலை இது. நாக்கில் உறைக்கிற உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் உப்பை வாரி எடுத்தபின் பாத்தியில் மிஞ்சுகிற தண்ணீரைத் தொட்டு வாயில் வைத்தால் கசக்கும். அது மெக்னீசியம். உப்பு என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம், உள்ளே நாலைந்து பேர் குடியிருக்கிறார்கள்.

குளோரைடு எவ்வளவு என்று அளக்க நான் செய்வது மோர் முறை. நாம் குடிக்கிற மோர் அல்ல. கார்ல் பிரடெரிக் மோர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1856-இல் சொன்னது. அதே சில்வர் நைட்ரேட்தான், ஆனால் இப்போது சொட்டு சொட்டாக, அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து, அளந்து. தண்ணீரில் கொஞ்சம் பொட்டாசியம் குரோமேட் விட்டால் எலுமிச்சை மஞ்சளாகும். சில்வர் நைட்ரேட் விழ விழக் குளோரைடு முழுக்க வெள்ளையாகப் பிரிந்து, குடுவையில் இருப்பது மாம்பழச் சாறு கலந்த மோர் போல ஆகிவிடும் (இங்கே குடிக்கிற மோர்). ஒவ்வொரு சொட்டும் விழுகிற இடத்தில் ஒரு சிவப்பு தோன்றும், குடுவையைச் சுழற்றினால் ஓடிப்போகும். குளோரைடு தீரும்வரை வெள்ளி அதைத்தான் பிடிக்கும், தீர்ந்தபின்தான் குரோமேட்டிடம் போகும். கடைசியில் ஒரு சொட்டு. சுழற்றுவீர்கள், சிவப்பு போகாது. மஞ்சளில் செம்மண் தூசி விழுந்த மாதிரி லேசாக ஒரு செங்கல் நிறம் நின்றுவிடும். அதுதான் முடிவு நிலை. தொடக்கத்தில் பிள்ளைகள் எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நன்றாகச் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் கெட்டது கதை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இருக்கா இல்லையா என்று பார்க்கும்போது அமிலம் சேர்த்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் கார்பனேட்டும் வெள்ளையாக விழுந்து ஏமாற்றும். எங்கள் மணல் பாதி சிப்பியும் பவளத் தூளுமாக இருப்பதால் கார்பனேட்டுக்குப் பஞ்சமில்லை. எவ்வளவு என்று அளக்கும்போதோ அமிலம் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் குரோமேட் ஆரஞ்சு நிற டைகுரோமேட்டாகி, சிவப்பு நேரத்துக்கு வராது. மருந்து ஒன்றுதான், கேள்வி மாறினால் பத்தியம் மாறுகிறது.

அப்புறம் விரல்கள். சில்வர் நைட்ரேட் பட்ட இடம் அப்போது ஒன்றும் தெரியாது. வெயிலில் போய் நின்றால் கறுத்துவிடும். தேய்த்தாலும் போகாது, தோல் உரிந்தால்தான் போகும். ஒரு கல்யாணத்தில் மொய் எழுத உட்கார்ந்த என் கையைப் பார்த்து ஒரு பெரியவர் ரகசியமாக, "ஓட்டுக்கு மை வெச்சாங்களாப்பா, பத்து விரல்லயும்?" என்றார்.

வீட்டுக் கிணற்றில் 50 மில்லி எடுத்தேன். 7.7 மில்லி இறங்கியது. வெற்றுச் சோதனைக்கு 0.2 கழித்தால் 7.5. நான் போட்டிருந்த கரைசலுக்கு ஒரு மில்லி என்பது ஒரு மில்லிகிராம் குளோரைடு. ஆக லிட்டருக்கு 150 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 சொல்வது 250, வேறு வழியே இல்லாவிட்டால் 1000 வரை. ஆக வீட்டுக் கிணறு அருமை. தோப்புக் கிணற்றில் 50 மில்லி எடுத்தால் ஒரு பியூரெட் போதாது என்று 10 மில்லி மட்டும் எடுத்தேன். கழித்ததுபோக 11. லிட்டருக்கு 1100. அக்காவின் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

ஆனால் இது கடலா? குளோரைடு அதிகம் என்பதால் மட்டும் கடல் வந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. தேங்கிக் காய்ந்த பழைய உப்பு மண்ணுக்குள் இருக்கலாம். உப்பளத் தண்ணீர் ஊறியிருக்கலாம். கடலை அடையாளம் காண அதன் கைரேகை வேண்டும். அந்தக் கைரேகையை எடுத்துத் தந்தவர் வில்லியம் டிட்மார். சேலஞ்சர் என்ற கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிக் கொண்டுவந்த நீரில் 77 மாதிரிகளை உட்கார்ந்து பகுத்து, 1884-இல் வெளியிட்டார். எந்தக் கடலாக இருந்தாலும் மொத்த உப்பு கூடலாம் குறையலாம், ஆனால் முக்கிய அயனிகள் ஒன்றுக்கொன்று இருக்கிற விகிதம் ஏறத்தாழ மாறுவதில்லை. லிட்டருக்குக் குளோரைடு சுமார் 19,000 மில்லிகிராம் என்றால் சோடியம் 10,800, சல்பேட் 2,700, மெக்னீசியம் 1,290, கால்சியம் 410. இந்த விகிதம் மாறாது என்பதால்தான் வெகுகாலம் கடலின் உவர்ப்பைக் கணக்கிடக் கடலாய்வாளர்கள் ஒரே ஓர் அயனியை மட்டும் அளந்தார்கள். எதை? குளோரைடை. எதைக்கொண்டு? சில்வர் நைட்ரேட். நான் கொல்லையில் ஒரு ஸ்டூலைப் போட்டுச் செய்த அதே வேலை. படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கைரேகையில் நான் முதலில் பார்ப்பது மெக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள உறவை. சாதாரண நிலத்தடி நீரில் பொதுவாகக் கால்சியம்தான் கூடுதல். கடலில் எடைக் கணக்கில் மெக்னீசியம் மூன்று மடங்கு. இரண்டையும் பிரித்து அளக்க ஈ.டி.டி.ஏ. தரம்பார்த்தல், அதாவது இரண்டையும் பிடித்துக்கொள்கிற ஈ.டி.டி.ஏ. என்ற மருந்தைச் சொட்டு சொட்டாக அளந்து விடுவது. முதல் குடுவையில் அம்மோனியாத் தாங்கல் கரைசல் விட்டு பி.எச்.சை (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 10-க்குக் கொண்டுவந்து, எரியோகுரோம் கருப்பு டி என்ற நிறங்காட்டியை மிளகு அளவு போட்டால் தண்ணீர் நாவல்பழம் கசக்கின நிறமாகும். ஈ.டி.டி.ஏ. சொட்ட சொட்ட, கடைசியில் சட்டென்று தெளிந்த நீலம். எனக்குப் பிடித்த நிறமாற்றம் இது. மோர் முறை போல இழுபறி கிடையாது. இதில் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து வரும். இரண்டாவது குடுவையில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பி.எச்.சை 12-க்கு மேல் ஏற்றினால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடாகி ஒதுங்கிக்கொள்ளும், கால்சியம் மட்டும் சண்டைக்கு நிற்கும். அதற்கு நிறங்காட்டி மியூரெக்சைடு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மெக்னீசியம்.

கணக்கு இப்படி. 1100 குளோரைடும் கடலிலிருந்துதான் வந்தது என்றால், ஏறத்தாழ பதினேழு குடம் தண்ணீரில் ஒரு குடம் கடல். அப்படியானால் மெக்னீசியம் 75 அளவிலும் சல்பேட் 155 அளவிலும் இருக்கவேண்டும். மெக்னீசியம் 80-ஐ ஒட்டி வந்தது. சல்பேட்டுக்குப் பேரியம் குளோரைடு விட்டு, தெரிந்த அளவுக் கரைசல்களின் கலங்கலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணால் பார்க்கிற கணக்குதான், ஆனால் 150 போட்டு வைத்த குழாயோடு வித்தியாசம் தெரியவில்லை. கால்சியம் மட்டும் அடம்பிடித்தது. கடல் கணக்குக்கு 24 போதும், வந்ததோ 140-க்கு மேல். கொஞ்ச நேரம் குழம்பினேன். இதில் சிப்பி மணலின் பங்கு ஒன்று. இன்னொன்று, கடல்நீர் மெல்ல நுழையும்போது அதன் சோடியம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு, அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த கால்சியத்தை எழுப்பித் தண்ணீரில் தள்ளிவிடும். பஸ்ஸில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்குகிற மாதிரி. தண்ணீர் உப்பாவதோடு கடுத்தும் போவதற்கு இது ஒரு காரணம். பருப்பு வேகவில்லை என்று அக்கா ஒரு வருஷம் முன்பே சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

மோட்டார் எப்போது போட்டது என்று கேட்டேன். இரண்டு வருஷம் என்றார்.

தனுஷ்கோடி மணலில் கடலுக்குப் பத்தடி தள்ளி ஊற்றுத் தோண்டி, ஊறி வருகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அலை அடிக்கிற தூரத்தில் நல்ல தண்ணீர். 1964 புயலுக்குப் பிறகும் அங்கே மனிதர்கள் இருக்க முடிந்ததற்கு அந்த ஊற்றுகளும் காரணம். மழைநீர் உப்புநீரைவிட லேசு, அதனால் மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தின் பேடன் கைபன், பிறகு 1901-இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் இருவரும் இதற்குக் கணக்குச் சொன்னார்கள். நிலத்தடியில் நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே நாற்பது அடி ஆழத்துக்கு உப்பைத் தள்ளிப் பிடித்திருக்கும். திருப்பிப் போட்டால் வயிற்றைக் கலக்கும் கணக்கு. மேலே ஓர் அடி இறங்கினால் கீழே உப்பு நாற்பது அடி ஏறிவரப் பார்க்கும். சிரட்டை மேலே இருப்பதை வழித்து எடுக்கிறது. மோட்டார் அப்படி எடுப்பதில்லை.

ஆக முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கடல்தான். நான் அத்தோடு நிறுத்தியிருப்பேன். அதே வாரத்தில் தெருவுக்குத் தண்ணீர் வடிகட்டி விற்க ஒரு பையன் வராமல் இருந்திருந்தால்.

அவர்கள் செய்வது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு டம்ளர். ஒன்றில் நம் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் இயந்திரத்தில் வந்த தண்ணீர். இரண்டிலும் கம்பி நீட்டிய ஒரு கருவியை வைத்து மின்சாரம் கொடுப்பார்கள். நம் டம்ளரில் பழுப்பும் பச்சையுமாய்ச் சகதி பொங்கும், அவர்கள் டம்ளர் பளிங்கு மாதிரி நிற்கும். "இதத்தான் தெனம் குடிக்கிறீங்க" என்றான். கூட்டத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தக் கம்பிகளில் ஒரு ஜோடி இரும்பு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும், இரும்பு கரைந்து இரும்பு ஹைட்ராக்சைடாகப் பொங்கும். உப்பு எடுத்த தண்ணீரில் மின்சாரம் ஓடாது, கம்பி சும்மா இருக்கும். சகதி கம்பியிலிருந்து வருவது. நான் வீட்டுக்குள் போய் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பு கொண்டுவந்து அவனுடைய சுத்தமான டம்ளரில் போட்டு, மறுபடி வை என்றேன். பொங்கியது. பையன் பாவம், இருபது வயசுகூட இருக்காது. அவனுக்கே தெரியாது என்று அவன் முகத்திலிருந்து தெரிந்தது. அப்புறம் டி.டி.எஸ். மீட்டரை எடுத்தான். அது பொய் சொல்கிற கருவி அல்ல, மின்கடத்துத்திறனை அளந்து மொத்தக் கரைபொருள் இவ்வளவு என்று ஓர் எண் தரும். அக்கா வீட்டுக் கிணற்றுத் தண்ணீருக்கு 500-ஐ ஒட்டி ஓர் எண் வந்தது. அக்கா எல்லோரையும் திரும்பிப் பார்த்து, "நம்ம கெணறுதான்" என்றார்.

அந்த எண்தான் என்னை உறுத்தியது. குளோரைடு 150 என்று அளந்திருக்கிறேன். கடினத்தன்மையையும் கார்பனேட் பக்கத்தையும் கூட்டிப் பார்த்தாலும் 500 வரக் காணோம். நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் தராசில் சமமாக நிற்கவேண்டும், எதிர் அயனிப் பக்கத்தில் யாரோ ஒருவர் பெயர் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார். சல்பேட் பார்த்தேன், சொற்பம். மிச்சம் இருந்த ஆள் யாரென்று தெரிந்தபோது, கிணற்றைப் பார்க்காமல் கிணற்றுக்குப் பின்னால் இருந்த கழிப்பறையைத்தான் முதலில் பார்த்தேன். பதினைந்து எட்டு இருக்கும். அடியில் சிமெண்ட் போடாத உறைக் குழி. மணலில் விட்டது மணலோடு போகும் என்று கட்டியது.

நைட்ரேட்டுக்கு வீழ்படிவுச் சோதனை சரிப்படாது. அதன் உப்புகள் ஏறக்குறைய எல்லாமே தண்ணீரில் கரைபவை, எதைச் சேர்த்தாலும் வெளியே வராது. அதற்குத்தான் பழுப்பு வளையச் சோதனை, நைட்ரேட் இருந்தால் குழாயில் பழுப்பாய் ஒரு வளையம் விழும். குடிநீர் அளவுக்கு நீர்த்திருந்தால் வளையம் பிடிபடாது என்பதால் அரை லிட்டரை அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சி, பத்தில் ஒரு பங்காக்கி, திரண்ட சுண்ணாம்பை வடிகட்டினேன். நைட்ரைட்டும் பழுப்புக் காட்டும் என்பதால் முதலில் நீர்த்த அமிலத்தோடு ஒருமுறை பார்த்துக்கொண்டேன், நிறம் இல்லை. பெர்ரஸ் சல்பேட்டை அப்போதுதான் கரைத்துச் சேர்த்தேன். பழைய கரைசல் காற்றுப்பட்டுக் கெட்டிருக்கும், உதவாது. சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைக் குழாயின் சுவர் வழியாக மெல்ல வழியவிடவேண்டும். அவசரப்பட்டால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அமிலம் தண்ணீரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம், அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டும் தொட்டுக்கொள்கிற கோட்டில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரை நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் புகை படிந்த மாதிரி ஒரு கோடு, அது தடித்துக் கருப்பட்டிப் பாகு நிறத்தில் ஒரு வளையம். குழாயைத் தட்டினால் கலைந்துபோகும், அதனால் ஸ்டாண்டில் வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். தோப்புக் கிணற்றுத் தண்ணீரையும் அதேபோலச் சுண்டவைத்துச் செய்தேன், கோடுகூட விழவில்லை.

இங்கேதான் 'இருக்கா இல்லையா' என்ற பழைய வகுப்பறைக் கேள்விக்கு மறுபடி மரியாதை வந்தது. கடல்நீரில் நைட்ரேட் ஒன்றும் இல்லாத மாதிரிதான். இந்த மணலில் அது இருந்தால் மனிதர்களோ ஆடுமாடுகளோ உரமோ காரணம். குழியிலிருந்து கிளம்பும்போது அது அம்மோனியா. காற்றோட்டமான மணலில் வருகிற வழியில் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்கிவிடும். மணமில்லை, நிறமில்லை, ருசியில்லை. தண்ணீர் தித்திப்பாகவே இருக்கும்.

அளவு தெரிய ஊர்த் தண்ணீர்க் குழுப் பெண்களிடம் இருக்கிற களச் சோதனைப் பெட்டியை வாங்கினேன். அதில் நைட்ரேட்டை நைட்ரைட்டாக ஒடுக்கி, பிறகு இளஞ்சிவப்புச் சாயமாக மாற்றி, அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிடுவது முறை. பீட்டர் கிரீஸ் 1879-இல் சொன்ன வினை. எங்கள் குழாய் அட்டையின் கடைசிக் கட்டத்தைத் தாண்டிச் சிவந்தது. மாதிரியை ராமநாதபுரத்துக்கு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். 120-க்கு மேல் என்று வந்தது. தரம் 45. குளோரைடுக்குச் சொன்னதுபோல் இதற்கு வேறு வழியில்லாவிட்டால் என்ற சலுகை கிடையாது, 45 என்றால் 45. கைக்குழந்தைகளுக்குப் பால்மாவு கரைக்க இந்தத் தண்ணீரை ஊற்றினால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாமல் உடம்பு நீலம் பாரிக்கும் என்று அமெரிக்காவின் அயோவாவில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர் 1945-இலேயே கிணறுகளைக் காட்டி எழுதினார். காய்ச்சினால் சரியாகாது. நான் வளையத்துக்காகச் சுண்டவைத்தேனே, காய்ச்சினால் நடப்பது அதுதான், கூடும்.

அக்காவின் மகளுக்கு ஐந்தாம் மாதம். பிரசவத்துக்கு இங்கேதான் வரப்போகிறாள்.

அக்கா நான் சொன்னதை நம்பவில்லை என்று சொல்லமாட்டேன். நம்பினார். குடிக்கக் காவிரித் தண்ணீரும் வண்டித் தண்ணீரும்தான் என்று அன்றே மாற்றிவிட்டார். குழியை மூடி, தெற்கு மூலையில், அடியும் பக்கமும் பூசிய தொட்டியாகக் கட்ட ஆள் பார்த்தார். ஆனால் அவருக்கு ஆறவில்லை. ஒரு சொம்பில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை மொண்டு வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, "நாப்பது வருசமா இதக் குடிச்சிருக்கேன். உப்புத் தண்ணியக் குடிச்சிருந்தா நாக்காவது சொல்லியிருக்கும்" என்றார். அவரிடம் நான் என்ன சொல்ல? குழி கட்டியே எட்டு வருஷம்தான் ஆகிறது என்று மட்டும் சொன்னேன்.

ராமேஸ்வரம் கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ருசி என்பார்கள். தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர். எல்லாவற்றையும் வரிசையாகப் பாட்டிலில் பிடித்து அயனி அயனியாகப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. என் அம்மாவிடம் ஒருமுறை சொன்னேன். "சாமி தண்ணிக்கு மருந்து ஊத்துவியா நீ?" என்றார். அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டேன்.

புதுத் தொட்டி கட்டி ஒரு மழைக்காலம் போய்விட்டது. மணல் தன்னைக் கழுவிக்கொள்ள எத்தனை மழை வேண்டும் என்று பார்க்க, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கிணற்றிலும் மாதிரி எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். நேற்று அக்காவின் பேரன் இரண்டு பாட்டிலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். கலந்துவிடக் கூடாது என்று துண்டுக் காகிதத்தில் எழுதி ரப்பர் பேண்டு போட்டிருந்தது. எழுத்து அக்காவுடையது. ஒன்றில் 'உப்புக் கெணறு'. இன்னொன்றில், போன தடவை போலவே, 'நல்ல கெணறு'.